அத்தை இறங்கவில்லை

நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது அத்தை கவுன்சிலர் தேர்தலில் நின்றாள். நின்றாள் என்பதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். மாமா லோடு ஆட்டோ ஓட்ட, அத்தை அதன்மேல் மைக்கோடு நின்றபடி இரும்புலியூர்த் தெருக்களைச் சுற்றி வந்தாள். மழை பெய்தால் வீட்டுக்குள் வந்துவிடும் சாக்கடையைப் பற்றித்தான் பேச்சு. கட்சி கிடையாது, சின்னம்கூட இன்னும் ஒதுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, எதிர்த்து நின்றவரின் ஆட்கள் வெள்ளைச் சட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு அப்பாவிடம் மரியாதையாகவே சொன்னார்கள்.

"உங்க தங்கச்சிய ஸ்டெப் டவுன் பண்ணச் சொல்லுங்க சார். வாபஸ் வாங்க திங்கக்கிழமதான் கடைசி. பொண்ணு பெத்தவரு, உங்களுக்கு எதுக்கு பேஜாரு?"

அப்பா வாசல்வரை போய் வழியனுப்பினார். அவர்கள் போனதும் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அத்தையைத் தேடிப் புறப்பட்டார்.

ஸ்டெப் டவுன் எனக்கு நன்றாகத் தெரிந்த இங்கிலீஷ். பள்ளி வேன் நின்றதும் மிஸ் தினமும் சொல்வது. ஆக, அத்தையை ஆட்டோவிலிருந்து இறக்கப் பார்க்கிறார்கள்! குள்ளமான அத்தை கீழே நின்றால் யார் கண்ணுக்குத் தெரிவாள்?

தண்ணீர் லாரியைச் சுற்றிக் கூட்டமாயிருந்த முனையில் ஆட்டோ நின்றது. அப்பா ஸ்டாண்டு போடுவதற்குள் நான் ஓடிவிட்டேன். என்னவென்று கேட்க அத்தை குனிந்தாள். கையிலிருந்த மைக்கும் கூடவே குனிந்தது.

"எறங்காத அத்தை! வெள்ளச் சட்ட அங்கிளுங்க வீட்டுக்கு வந்தாங்க. உன்னை ஸ்டெப் டவுன் பண்ணச் சொல்லணுமாம்!"

என் குரல் தெரு முழுக்கக் கேட்டது. லாரியைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்திருந்த ஒரு அக்கா கத்தினாள்.

"எவன்டா அவன் எறங்கச் சொல்றவன்? நீ நில்லு கண்ணு, உன் பின்னாடி நாங்க கீறோம்!"

யாரோ விசிலடித்தார்கள். காலிக் குடங்களெல்லாம் மேளமாயின. அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எறங்கட்டுமா?" என்று மைக்கில் கேட்டாள்.

"வேணாம்!" என்றது தெரு.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். மாமா கைகொடுத்து ஏற்றிவிட்டார். கல்யாண வீட்டில்கூட வாய் திறக்காத மனிதர், மைக்கை வாங்கி, "என் தங்கச்சி நிக்கிறா" என்றார். உடனே மைக்கை அத்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அத்தை ஜெயித்தாள்.

அப்பா எதைச் சொல்லக் கிளம்பி வந்தார் என்று அன்று எனக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை இருட்டும்வரை அவர் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டோவிலேயே வந்தார். அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ரோட்டில் அத்தனை பள்ளம் என்று நினைத்துக்கொண்டேன்.