இமெல்டா ஏறாத கார்

கியூபெக்கின் பியர்பொன்ட்ஸில் ஞானேந்திரன் வீட்டு வாசலில் ஒரு நீலச் சுபாரு நின்றது. டேர்போ பூட்டிய கார். பின்னால் ஒரு சிறகு வேறு. அது பறக்காது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. வயது நாற்பத்துமூன்று, தலையில் முன்பாதி போய்விட்டது, போனதற்கு ஈடாக வயிறு வந்துவிட்டது. சென்ட் லோரன்டில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் உலோகத்தைத் தேய்த்து மினுக்குவது அவன் வேலை. பதினொரு வருடத்தில் தான் தேய்த்த ஒரு துண்டுகூடப் பிழையென்று திரும்பி வந்ததில்லை என்பான். கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

இப்பேர்ப்பட்ட காரில் அவன் மனைவி இமெல்டா இரண்டு வருடமாக ஏறவில்லை.

காரணம் மொன்ட் றோயல் மலை. 2004 கோடையில் அங்கே போய்விட்டு இறங்கும்போது ஐயாவுக்குப் பந்தய ஆசை பிடித்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் முட்டக்கொண்டுபோய் மிதித்தான். மூன்றாவது வளைவில் பிரேக் கை விரித்தது. எரிந்த நாற்றம், முன்சில்லு இரண்டிலும் புகை. எப்படியோ ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "பயப்பிடாதையும், சூடு ஆறினால் சரியாயிடும்" என்றான். இமெல்டா குதிச்செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்துபோனாள். பஸ் வந்தது, ஏறினாள், போனாள்.

அன்றிலிருந்து வேலைக்குப் பஸ், கோயிலுக்குப் பஸ், கலியாண வீட்டுக்கும் சேலையோடு பஸ். "ஞானேந்திரனோடை ஏதும் கோபமோ பிள்ளை?" என்று பங்குக் கோயிலில் யாரோ விசாரித்ததற்கு, "மனுசனோடை ஒண்டுமில்லை அக்கா, காரோடைதான்" என்றாள். கோயில் மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஞானேந்திரனும் சிரித்தான்.

ஆனால் அவனுக்கு உள்ளே சுட்டது. இமெல்டாவுக்கும் வேலை சென்ட் லோரன்டில்தான், மருந்து பெட்டியில் அடைக்கும் இடத்தில். காலையில் இருவரும் ஒரே திசைக்குத்தான் போகவேண்டும். பனியில் முழங்கால் புதைய நிற்கும் சொந்த மனைவியைக் கடந்து, சூடாக்கிய இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டு போவது எந்த ஆணுக்கும் மரியாதையான காரியமல்ல. அவன் ஹோர்ன் அடிப்பான். அவள் கையை ஆட்டி, போ என்பாள். வெட்கமாக இருக்கும். ஆனாலும் கார் பிழை, தான் பிழை என்று ஒருநாளாவது வாயைத் திறந்திருப்பானா? மாட்டான்.

2006இல், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்கியது. பங்கில் ஒருவர் இறைச்சியை விட்டார், ஒருவர் சாராயத்தை விட்டார். ஞானேந்திரன் ஒன்றையும் விடாமல், பழைய கார் உடைக்கும் யார்ட்டுக்குப் போய் இரண்டு காலிப்பர்களோடு வந்தான். சில்லோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கத்தாலும் நெரித்துப் பிடிப்பது காலிப்பர். அவன் காரில் இருந்தவை இரண்டு பிஸ்டன்காரர். வந்தவர்கள் நாலு பிஸ்டன்காரர், நல்ல தடியர்கள். கூடவே பெரிய தட்டுகளும். ஆனால் கியூபெக் வீதிகளின் உப்பைத் தின்று தின்று கருவாடுபோல இருந்தார்கள்.

"இது பூட்டினால் ஏறுவீரோ?" என்று கேட்டான்.

இமெல்டா யோசித்தாள். "உயிர்த்த ஞாயிறுப் பூசைக்கு ஏறுறன். ஆனால் பிரேக் சரியெண்டு உங்கடை வாயாலை சொல்லவேணும். பேந்து அது உங்கடை பொறுப்பு."

அது போதும். நிலவறையில் பட்டறை போட்டான். பிஸ்டன்களையும் இறப்பர் வளையங்களையும் கழற்றினான், கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டினான், தொழிற்சாலையில் ஒரு விமானத்துக்குக் கொடுக்கும் கவனத்தோடு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். வர்ணம் படக்கூடாத இடங்களை ஒட்டுத்தாள் ரேப்பால் மறைத்தான். கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, சூடு தாங்கும் சிவப்பு வர்ணத்தை மூன்று தரம் அடித்தான். அந்த வர்ணத்தை இறுக்கச் சூடு வேண்டுமே? தபசு காலமென்று கேக் சுடும் சமையலறைப் போறணை சும்மாதான் கிடந்தது. இமெல்டா சிலுவைப்பாதைக்குப் போன வெள்ளிக்கிழமை பார்த்து இரண்டையும் கேக் தட்டில் வைத்து உள்ளே தள்ளினான். அவள் வந்து மூக்கைச் சுளித்து, "என்ன மணம் இது?" என்றபோது, பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ வேலி பூசுகிறார் என்றான். மார்ச் மாதம், வெளியே வேலி மட்டத்துக்குப் பனி.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. பெரிய கார்களில் காலிப்பரின் மேல் செய்தவனின் பெயர் வெள்ளையில் இருக்கும். முன்பின் தெரியாதவனின் பெயரை நான் ஏன் சுமக்கவேண்டும் என்று நினைத்தான். ரேப்பில் பிளேட்டால் எழுத்து வெட்டினான். 'இ' என்னும் எழுத்தின் சுழி மட்டும் ஒரு மாலையைத் தின்றது. சிவப்பின் மேல் வெள்ளையில், இரண்டு காலிப்பரிலும், இமெல்டா. அவளிடம் மூச்சு விடவில்லை. பூசைக்குப் போய் இறங்கும்போது அவளாகப் பார்க்கட்டும் என்று வைத்திருந்தான்.

உயிர்த்த ஞாயிறுக்கு மூன்று நாள் முந்திய பெரிய வியாழன் மாலை காரில் வைத்துப் பார்த்தான். பெயர் தலைகீழாக நின்றது.

தொங்கவிட்ட நிலையிலேயே எழுதியிருக்கிறான். காரில் எது மேல் எது கீழ் என்று ஒருதரம் பார்த்திருந்தால் போதும். வேறு யாராவது என்றால் பெயரைச் சுரண்டி மறுபடி எழுதியிருப்பான். ஞானேந்திரனோ இடப்பக்கத்துக் காலிப்பரை எடுத்து வலப்பக்கத்தில் வைத்தான், வலத்தை இடத்தில் வைத்தான். பெயர் நேராக வந்துவிட்டது. மரையாணிகளும் பட்டுப்போல ஏறின. தன் மூளையை அவனே மெச்சிக்கொண்டான்.

இனிப் பிரேக் எண்ணெய்க் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றவேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பெடலை மிதிக்க, மற்றவர் காலிப்பரில் உள்ள சின்ன நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். காருக்குள் இருக்க அவனுக்கு ஆள் ஏது? வீடு கூட்டும் தும்புத்தடியைப் பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து, உள்ளேயும் வெளியேயும் ஓடி ஓடித் தனியாகச் செய்தான். சனிக்கிழமை பின்னேரம் எண்ணெய்ப் போத்தல்கள் எல்லாம் முடிந்தன. பெடல் இன்னமும் நனைந்த ரொட்டிப் பாணை மிதித்ததுபோல அடிவரை போனது. இரண்டாம் தரம் மிதித்தால் மட்டும் பிடித்தது.

கராஜ் வைத்திருக்கும் சிநேகிதன் ஸ்ரீதரனுக்குப் போன் எடுத்தான்.

"நிப்பிள் மேலை இருக்கோ, கீழை இருக்கோ?" என்றான் ஸ்ரீதரன்.

"கீழை."

"காத்து மேலைதானே மச்சான் போகும். கீழை திறந்தால் எண்ணெய் வரும், காத்து உள்ளுக்கை கிடக்கும். இடத்தை வலத்திலை பூட்டிப்போட்டாய். ஏன் அப்பிடிச் செய்தனி?"

ஞானேந்திரன் போனை வைத்தான். எண்ணெய் விற்கும் கடை ஐந்து மணிக்கே பூட்டியாயிற்று. ஞாயிறு திறக்காது.

கோயில் இருபது நிமிடத் தூரம். மெதுவாகப் போகலாம். இரண்டு தரம் மிதித்தால் நிற்கிறதுதானே. முடியாது என்று சொன்னால், இனி வாழ்நாளில் அவள் ஏறமாட்டாள். கணக்கெல்லாம் அவன் பக்கம்தான் இருந்தது.

உயிர்த்த ஞாயிறு காலையில் இமெல்டா சந்தன நிறக் காஞ்சிபுரத்தில், மேலே குளிர்ச்சட்டையோடு வெளியே வந்தாள். பஸ் தரிப்புப் பக்கம் போகாமல் நேரே காரடிக்கு வந்து கதவில் கை வைத்தாள்.

"என்னப்பா, பிரேக் சரியோ?"

ஓம், சரி என்பது அவன் பல்லடிவரை வந்துவிட்டது. கதவில் இருந்த அவள் கையைப் பார்த்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கதவைத் தொடுகிற கை. அவனுக்குப் பயம் வந்தது, மலையில் வராத பயம்.

"ஏறாதையும்," என்றான். "நான் பிழையாப் பூட்டிப்போட்டன்."

பதினாறு வருடக் குடும்ப வாழ்வில் தன் பிழை என்று ஒரு சொல்லை அவன் வாயிலிருந்து அவள் கேட்டது அன்றுதான். கதவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். பண்டிகை ஞாயிறு என்பதால் பஸ் நாற்பது நிமிடம் கழித்து வந்தது.

பஸ்ஸில் நிப்பிளின் கதையை அவன் சொல்லி முடித்ததும் இமெல்டா கேட்டாள்: "மேலை இருக்கவேணுமெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"அப்ப அது மூளையிலை ஓடேல்லை. பேர் தலைகீழா நிண்டது."

"ஆற்றை பேர்?"

"உம்மடை பேர்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தான். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பூசைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் முடிந்திருந்தது. அதற்காக ஞானேந்திரன் வருந்தவில்லை.

திங்கட்கிழமை இருவருக்கும் லீவு. எண்ணெய் வாங்கிவந்து, காலிப்பர்களைக் கழற்றி அதனதன் பக்கத்தில் பூட்டினான். பெயர் மறுபடி தலைகீழானது. இமெல்டா வெளியே வந்து, குனிந்து, கழுத்தைச் சரித்து வாசித்தாள்.

"எழுத்து வடிவாத்தான் இருக்கு," என்றாள். "பெடல் ஆர் மிதிக்கிறது?"

அவன் தும்புத்தடியைக் காட்டினான். அவள் அதை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, காரின் கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள். ஞானேந்திரன் கையில் நிப்பிள் திருகும் சாவியோடு மரம்போல நின்றான்.

"என்ன பாக்கிறியள்? குனியுங்கோ."

குனிந்தான். மிதியும், பிடிச்சிரும், விடும் என்று அவன் சொல்லச் சொல்ல அவள் மிதித்தாள், பிடித்தாள், விட்டாள். குமிழிகள் வரிசையாக வெளியே வந்து, பிறகு நின்றுபோயின. கடைசியில், "கல்லு மாதிரி இருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சில்லுகளை மாட்டி, காரைத் தாங்கிய ஜக்கை இறக்கினான். "இறங்கும், நான் ஒருக்கா ஓடிப் பாக்கிறன்."

அவள் இறங்கவில்லை. "கார்த் திறப்பைத் தாங்கோ. நீங்கள் அந்தப் பக்கம் ஏறுங்கோ."

இமெல்டாவிடமும் லைசென்ஸ் இருந்தது, ஆனால் அந்தக் காரை அவன் ஒருவருக்கும் ஓடக் கொடுத்ததில்லை. கொடுத்தான். இரண்டு தரம் எஞ்சினை அணையவிட்டு, மூன்றாம் தரம் அவள் வீதிக்கு எடுத்தாள். மூலையில் நிறுத்தற் பலகையடியில் ஒரே மிதி மிதித்தாள். பெல்ட் அவன் தொப்பையை அறுத்தது. கார் கோட்டில் நின்றது.

"நிக்குது," என்றாள்.

"திருப்பும், வீட்டை போவம்."

"இல்லை, சென்ட் லோரன்ட் வரைக்கும் போய்ப் பாப்பம். பஸ்ஸெண்டால் ஆறுக்கு வெளிக்கிடுறனான். காரெண்டால் நாளைக்கு எத்தினை மணிக்கு எழும்பவேணுமெண்டு தெரியவேணுமெல்லோ."