ஒன்பது அறையும் ஒரே படியும்

முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு மாமனார் வழியில் வந்த வீடு, அந்தக் காலத்து வழிப்போக்கர் விடுதி. குதிரை வண்டி அப்படியே உள்ளே நுழையும்படி இரண்டாள் உயர வாசல். கீழே லாயமும் சமையற்கட்டும். மேலே நீண்ட நடை. அதன் ஒரு பக்கம் ஒன்பது அறைகள், கதவுகளில் இன்னும் அழியாத எண்கள். ஏறி இறங்க ஒரே ஒரு மரப்படி. பாதியில் வெடுக்கென்று திரும்பும். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பின்வாங்கத்தான் வேண்டும்.

மனைவி பக்கவாதம் வந்து ஏழாம் எண் அறையில் படுக்கையானாள். "ஏழாம் நம்பருக்கு ஒரு டீ" என்று மேலிருந்து குரல் கொடுப்பாள். டிரைவர் சிரித்துக்கொண்டே ஏறுவார்.

முதலில் லாயத்தை வெள்ளையடித்து அவளைக் கீழே படுக்கவைத்தார். கல் தரையின் ஈரம் பத்தே நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட, மறுபடி மேலே. பிறகு, சின்ன லிஃப்ட் ஒன்று வைக்க மனுப் போட்டார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். நல்ல மனிதர். படியின் கைப்பிடியைக் குழந்தையைத் தடவுவதுபோல் தடவினார்.

"இந்த மாதிரி இன்னொண்ணு கெடையாது சார். ஒரு உத்தரத்தக்கூட அறுக்க முடியாது."

"என் வீட்டுக்காரி ரெண்டு வருஷமா தெருவப் பாக்கல சார்."

"புரியுது. என் கையில இல்ல."

"அப்ப யாரு கையில?"

அதிகாரி கோப்பை மூடி நாடாவைக் கட்டினார்.

டிரைவர் வீட்டை விற்கவும் பார்த்தார். வந்தவர்கள் வாயைப் பிளந்து ரசித்தார்கள். சுவரில் கைவைக்கக் கூடாது என்றதும் கழன்றுகொண்டார்கள். வேறு வழியில்லாமல் ஞாயிறுதோறும் அவளை முதுகில் சுமந்து இறங்கினார். ஒரு ஞாயிறு, அந்தத் திருப்பத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்து, இருவரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"வளைவுல ஹாரன் அடிச்சிருக்கணும் நீங்க" என்றாள் அவள்.

அவர் சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது. வெளியே போயிருந்த மகள் வந்து பார்க்க இரண்டு மணி நேரம் ஆனது.

"இனிமே தூக்காதீங்க. நான் மேலயே இருந்துக்கறேன்" என்றாள் மனைவி.

இப்போது படி இறங்க முடியாமல் இருவருமே மேலே. மகள் சமைத்து எடுத்து வருகிறாள். நான்காவது மனுவுக்கு, பரிசீலனையில் இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. டிரைவர் கட்டிலை உள்முற்றத்தைப் பார்த்த ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, பகலெல்லாம் வாசற்கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார். அந்த வாசல் வழியாகத் தெருவில் ஒரு கீற்று தெரிகிறது. மேலிருந்து பார்ப்பதால் முகங்கள் தெரியாது, முழங்காலுக்குக் கீழே மட்டும்.

"அந்தச் செருப்பு புதுசுங்க" என்கிறாள் அவள். "யாரோடதுன்னுதான் தெரியல."