மாப்பிள்ளை முன்னால் இருமல்

இத்தனை வருஷத்தில் என் பகடி ஒன்றுக்குக்கூட மாமனார் சிரித்ததில்லை. தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். என்னைக் கண்டால் எழுந்து துண்டைச் சரிசெய்வார். மாப்பிள்ளை மரியாதை. அந்த மரியாதையில்தான் குடலிறக்கத்தையும் வேட்டிக்குள் துணி கட்டி மறைத்து வைத்திருந்திருக்கிறார். குடல் சிக்கி வயிறு கல்லான பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் வயதைக் கேட்டார்கள். நான் என் வயதைச் சொன்னேன். நர்ஸ் ஸ்ட்ரெச்சரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆபரேஷன் யாருக்கு அண்ணாச்சி, ஒங்களுக்கா?”

என் ஒரு செருப்பு ஆட்டோவோடு போயிருந்தது.

அழுகின குடலை வெட்டி, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். நானே கத்தி பிடித்ததுபோல வராந்தாவில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் நர்ஸ் சொன்னாள்: “தலகாணிய வயித்தோட அமுக்கிக்கிட்டு நல்லா இருமச் சொல்லுங்க. சளி நெஞ்சுல தங்கிச்சுன்னா இந்த வயசுல தாங்காது.”

வீட்டிலிருந்து தலையணை வந்தது. ஆண்கள் வார்டில் கூட இருக்க ஆம்பிளைதான் வேண்டும். அவர் மகனோ கப்பலில். ஆக, நான்.

“மாமா, இருமுங்க.”

“வரல மாப்ள.”

தொண்டையில் கரகரத்தது எனக்கே கேட்டது. விழுங்கிவிட்டார். மாப்பிள்ளை முன்னால் காறித் துப்புவதா?

பக்கத்துக் கட்டிலில் வயிற்றுத் தையலோடு கிடந்த பெரியதாழை ஊர்க்காரர் பொறுக்கமாட்டாமல், “ஒம்மப் பொண்ணு பாக்கவா வந்திருக்காவ? இருமும்வே!” என்றார்.

சிரித்தால் இருமல் தானாக வருமே என்று என் சரக்கையெல்லாம் அவிழ்த்தேன். பெரியதாழைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, இருமி, துப்பி, தேறி, வீட்டுக்கே போய்விட்டார். மாமனார் மரியாதையாகப் படுத்திருந்தார்.

சாயங்காலமானால் வார்டு கேட்டில் மனைவி நிற்பாள். “அப்பா இருமினாவளா?”

“கொஞ்சம்.”

கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். “மாமா, நான் இங்கன இல்லன்னு நெனச்சிக்கிடுங்க.”

முதுகுக்குப் பின்னால் பூனைத் தும்மல்போல ஓர் இருமல். சந்தோஷத்தில் திரும்பித் தொலைத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம் காய்ச்சல். மூச்சு இழுத்தது. ஆக்ஸிஜன் மாஸ்க்கை நான் சரிசெய்யப் போக, அது நெற்றிக்கும் தாடைக்குமாக அலைந்தது. அதைப் பார்த்து அவர் உதடு லேசாகக் கோணியது. சிரிப்புத்தான்.

“உக்காருங்க மாப்ள,” என்றார். “எவ்வளவு நேரந்தான் நிப்பிய.”

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. தையல் நன்றாக ஆறியிருந்ததாக டாக்டர் சொன்னார். உண்மைதான், நானும் பார்த்தேன். வயிற்றில் ஒரு குறையும் இல்லை.

தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன்.

“இன்னைக்காவது நல்லா இருமினாவளா?” என்று கேட்டபடி வந்த மனைவி, அதற்குப் பிறகுதான் தலையணையைப் பார்த்தாள்.