அனுசியா துடைக்காமல் விட்ட கோடு

அனுசியாவுக்குக் கோடு என்றாலே ஆகாது. பள்ளி விடுமுறைகளில் அப்பாவின் பொம்மைப் பட்டறையில் அவள் பார்த்த வேலை அப்படி. பிளாஸ்டர் அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு கோடு விழும். ஈரப் பஞ்சால் துடைத்து அதை இருந்த இடம் தெரியாமல் ஆக்க வேண்டும். கை அதிலேயே ஊறிப்போய், இன்றைக்கும் டீ குடிக்கும்போது டம்ளரின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

கல்லூரியில் கணக்கு வாத்தியாரான பிறகு முனைவர் பட்டத்துக்கு எடுத்ததும் களிமண் விவகாரம்தான். பட்டறையில் ஸ்லிப்பு என்பார்களே, கூழ்ப் பதத்தில் கரைத்த களிமண், அது வளைந்த குழாயில் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்க வேண்டும். குழாயை வலை மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் வேகத்தையும் அழுத்தத்தையும் பார்ப்பது முறை. சுவரோரம் கூழ் ஒட்டி ஒட்டி நகரும். அங்கே வளைவோடு போகிற நெருக்கமான வலை வேண்டும். நடுவில் பெரிய சதுரங்கள் போதும். இரண்டு வலைகளையும் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி இணைத்துவிட்டால் வேலை சுருங்கும். அதுதான் அவள் ஆராய்ச்சி.

இணைத்தாள். படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல வந்தது. ஆனால் ஸ்லிப்பு அமுக்கினால் சுருங்குகிற சரக்கில்லை. உள்ளே போனது அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். அவள் கணக்கிலோ வெளியே வந்தது குறைவு. 2006 டிசம்பரோடு பதிவுக் காலம் முடிகிறது. அதற்குள் கணக்கு நேராகாவிட்டால் இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் வீண்.

அவள் அப்பாவைப்போலவே பொம்மைப் பட்டறை வைத்திருந்த கணவன் பூபாலன் சாயங்காலம் வந்ததும் கேட்பான்: “இன்னிக்கும் ஒழுவுதா?”

“ஒழுவுதுங்க. எங்கன்னுதான் தெரியல.”

“வுடு. நம்ம வூட்டுக் குழாயும்தான் ஒழுவுது. நான் எவனுக்குக் கணக்கு சொல்றேன்?”

அழுதுகொண்டிருந்தாலும் சிரித்துவிடுவாள். இப்படி ஒரு மனுஷன் வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குச் சோறு கொண்டுபோனவள், காயாத யானைப் பொம்மை ஒன்றை எடுத்து, பேசிக்கொண்டே துடைக்க ஆரம்பித்தாள். பூபாலன் கையைப் பிடித்தான்.

“ஏய், போதும் அனுசி! கோட்டோட சேத்து காதையும் தொடச்சிட்டியே!”

யானைக்கு ஒரு காது பாதிதான் இருந்தது. அனுசியா பஞ்சைப் பார்த்தாள். பஞ்சு நிறையக் களிமண். கேரியரைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினாள்.

இரண்டு வலைகளும் சேரும் இடத்தில், ஆரம்பத்தில், படத்தில் லேசாக ஒரு கோடு விழுந்திருந்தது. அவளுக்குப் பொறுக்குமா? பக்கத்துக் கட்டங்களோடு கலந்து சராசரி எடுக்கச் சொல்லி நான்கு வரி எழுதி, அதைத் துடைத்திருந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வரிகள் கொஞ்சம் ஸ்லிப்பையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை அழித்தாள். ஒரு வலையை விட்டுப் போகிற மொத்தமும் அடுத்த வலைக்குள் வந்தாக வேண்டும் என்று புதிதாக எழுதினாள். உள்ளே போனது வெளியே வந்தது. கோடும் பல்லை இளித்துக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் சேத்தியாத்தோப்பில் பஸ் மாறிப் பல்கலைக்கழகம் போனாள். வழிகாட்டி தேவநாதன் படத்தைப் பார்த்தார். “என்னம்மா, கோடு தெரியுது?”

“இருக்கட்டுங்க சார். தொடச்சா ஒழுவும்.”

அவர் உள்ளே போனது, வெளியே வந்தது இரண்டின் எண்களையும் ஒப்பிட்டார். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தால், சூளையில் வெந்த யானை கம்ப்யூட்டர்மேல் நின்றது. முதுகில் கோடு அப்படியே இருந்தது.

“ஒரு காதுதான் போச்சு. கோடாவது இருக்கட்டும்னு வுட்டுட்டேன்,” என்றான் பூபாலன்.

அனுசியாவின் விரல் தானாக அந்தக் கோட்டுக்குப் போனது. தொட்டது. தேய்க்கவில்லை.