காளான் மாத்திரையின் கூடு

மலேசியாவுக்கு வந்து ஐந்து வருடமாகியும், கடையில் எதைக் கையிலெடுத்தாலும் என் கண் பச்சைப் புள்ளியைத்தான் தேடுகிறது. நம் ஊரில் பிஸ்கட் பாக்கெட்டில்கூட, இது சைவம் என்று சொல்ல அந்தப் புள்ளி இருக்கும். இங்கே கெடா மாநிலத்தில் ஹலால் முத்திரைதான். மற்ற நாளில் எனக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. கோழியும் மீனும் வெளுத்துக்கட்டுகிறவன் நான். தைப்பூச விரதம் வந்தால்தான் தொல்லை.

இந்த வருட விரதம் விளையாட்டல்ல. புரட்டாசி விடுமுறைக்கு ஊர் போய்வந்த பிறகு என் மனைவி கலா மறுபடி உண்டானாள். இதற்கு முன் இரண்டு முறை கலைந்துவிட்டது, இரண்டும் நான்காம் மாதத்தில். இரண்டு முறையும் நான் இங்கே குருண் மரச்சாமான் தொழிற்சாலையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்தப் பிள்ளையாவது தங்கட்டும், நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து பால்குடம் எடுக்கிறேன் என்று ஊர் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். ஒருவேளைச் சோறு, பன்னிரண்டு மணிநேர வேலை. பத்தாம் நாளே அறுவை மெஷின் முன்னால் கண் இருட்டியது.

எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் மணியம் அண்ணன் இங்கேயே சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவர்தான் லிங்ஸி காளான் மாத்திரைப் புட்டியைக் கொடுத்தார். "கோப்பி குடிச்சா டப்புன்னு ஏறும், டப்புன்னு எறங்கும் தம்பி. இது ஒரே சீரா நிக்கும்லா. வெறும் காளான், பயப்படாம போடு." போட்டேன். மாத்திரையோ மனசோ, சோர்வு அடங்கியது. "முருகன் தாங்குறான் பாத்தியா" என்று கலாவிடம் பெருமையடித்தேன். மாத்திரையைப் பற்றி மூச்சு விடவில்லை.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, வீடியோ காலில் அவளே புட்டியைப் பார்த்துவிட்டாள். "அது என்னங்க? பச்சைப் புள்ளி இருக்கா?" காளானுக்கு எதற்குப் புள்ளி என்று மழுப்பினேன். தூக்கம்தான் வரவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் பொடி எழுத்து மலாய். பேக்கிங் பகுதி மலாய்க்கார அக்கா காக் ரோஸ் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, வாங்கிப் படித்தார். ஹலால் முத்திரையைத் தட்டிக் காட்டி, "ஜாங்ஙான் தாக்குட்" என்றார். பயப்படாதே. "கெலாத்தின் லெம்பு. புக்கான் பாபி." உள்ளே காளான்தான், மேல்கூடு பன்றியில் செய்ததல்ல, மாட்டில் செய்தது. நல்ல செய்தி சொன்ன சிரிப்பு அவர் முகத்தில். நானும் நன்றி சொல்லிச் சிரித்துத் தொலைத்தேன். மாடு! தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு இரண்டிரண்டாக விழுங்கியிருக்கிறேன், பாவி.

மணியம் அண்ணன் பதறிப்போனார். "ஐயோ, நானும் பாக்கலியே தம்பி! தெரியாம நடந்ததுலா. நம்ம பால்குடக் குழுவுல மூணு நாள் விரதம் இருந்து எடுக்கறவனும் இருக்கான். இன்னிக்கே குளிச்சிட்டுப் புதுசா ஆரம்பி." இந்த ஊருக்கு அது சரிதான். நான் வாக்குக் கொடுத்தது அந்த ஊரில், நாற்பத்தெட்டு நாளுக்கு. கலாவிடம் மறைத்துவிடலாமா? மறைத்து, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அழைத்துச் சொல்லிவிட்டேன்.

முழுதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நானும் உங்ககூடத்தானே விரதம் இருக்கேன். பால்குடத்த நான் எடுக்கறேன்."

"பைத்தியமாடி உனக்கு? இந்த மாசத்துலயா?"

"டாக்டர் நடக்கலாம்னுதான் சொன்னாங்க. என் வயித்துக்குத்தான வேண்டிக்கிட்டீங்க? விடுங்க." போனை வைத்துவிட்டாள்.

தைப்பூசத்தன்று சுங்கை பட்டாணி நகரில் சாலையோரம் நின்றேன். இங்கே பத்து மணி, அங்கே ஏழரை. கலாவின் அக்கா போனில் காட்டிக்கொண்டே கூட நடந்தார். கலாவின் தலையில் குடம், ஒரு கை வயிற்றில். "மெதுவா, மெதுவா" என்று கத்தினேன். இரண்டு ஊர் மேளச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணே, ஓரமா நில்லுங்கலா, காவடி வருது" என்று யாரோ தோளைத் தொட்டார்கள். ஒதுங்கினேன். என் காலில் செருப்பு இருந்தது. கலா வெறுங்காலில் என் குடத்தைச் சுமந்து போய்க்கொண்டிருந்தாள்.