அண்ணன் வாங்கி வந்த எழுபது மில்லி தோட்டா

என் அண்ணன் என்னிடம் யோசனை கேட்டு வந்தது ஒரே ஒரு தடவைதான். அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவருடைய இடது கை போயிருக்கும். திறப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு ருசியாக இருந்தது என்பதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

துப்பாக்கி எங்கள் அப்பாவுடையது. இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பழைய சீமைத் துப்பாக்கி, குழல் அளவு பன்னிரண்டு போர் (bore). ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் எங்களுக்கு வாழைத் தோப்பு இருந்த காலத்தில் பன்றி விரட்ட லைசென்ஸ் எடுத்தது. அப்பா அதனால் எதையும் கொன்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அதோடு சரி. அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது என் வேலை.

அப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது அண்ணன் ஒரு பேப்பரை நீட்டினார். "ஒரே ஆள் பேருக்கு மாத்தணும்லே. இல்லன்னா போலீஸ்காரன் தூக்கிட்டுப் போயிருவான். சும்மா பேருக்குத்தான். சாமான் உன் வீட்லதான் கெடக்கும்." கையெழுத்துப் போட்டேன். அப்பா போய்ச் சேர்ந்து, பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு துப்பாக்கியை எடுத்துக் காரில் வைத்துவிட்டார். என்ன அண்ணே இது என்று கேட்டதற்கு, சாப்பாட்டுப் பந்தியில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னார்: "அவனுக்கு எதுக்குத் துப்பாக்கி? கடையில ஈ அடிக்கவா?"

பந்தியே சிரித்தது. அண்ணன் பெண்டாட்டி, எங்கள் மைனி, சிரித்த சிரிப்பில் பரிமாறிக்கொண்டிருந்த ரசம் என் இலையில் பாதியும் வேட்டியில் பாதியுமாக விழுந்தது.

நான் துறைமுகம் போகிற ரோட்டில் கயிறு, பெயிண்ட், மிதவை விற்கிறவன். வருகிறவர்கள் பேச்சைக் கேட்டு மனசுக்குள் போட்டு வைப்பது என் ஆசை. ஒரு லாரி டிரைவர் தன் முதலாளியைப் பற்றி, "அவரு சிரிச்சா எனக்கு லோடு ஒரு நட கூட" என்றார். அதை வருஷக்கணக்காக வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் சொன்ன ஈயையும் அப்படித்தான் வைத்திருந்தேன், சிரிக்காமல்.

துப்பாக்கி போன பிறகுதான் நான் துப்பாக்கியைப் படித்தேன். படிப்பு எட்டாவதோடு நின்றதால் யூடியூபில் வெள்ளைக்காரன் பேசுவதை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். என்றைக்காவது அண்ணன் ஒரு தப்புப் பண்ணுவார், அன்றைக்கு அது தப்பு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு நோக்கம் எதுவும் இல்லை.

போன தேர்தல் முடிந்து, ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிற வழியில் அண்ணன் கடையில் இறங்கினார். ஒரு கையில் துப்பாக்கி உறை, மறு கையில் புதுத் தோட்டாப் பெட்டி. ரைபிள் கிளப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமை மண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடப் போவதாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கனவே போட்டிருந்தார். சங்கு குளிக்கிறவர் ஒருவர் கயிறு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"ஏலே, நீதான் அப்பா கூட கெடந்தவன். இது சரியா இருக்குமா, பாரு."

பெட்டியைப் பார்த்தேன். எழுபது மில்லிமீட்டர் நீளம். உள்ளே வெடிமருந்தும் அதிகம். அண்ணன் துப்பாக்கியை மடித்துத் திறந்து ஒரு தோட்டாவை இடது குழலில் போட்டார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"உள்ள போகுதுல்லா? அப்போ சரிதானே?"

எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான். சுடாத தோட்டாவுக்கு வாய் மடிந்திருக்கும். அதனால் குட்டையாகத் தெரியும், எதற்குள்ளும் போகும். வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிந்து முழு நீளம் ஆகும். பெட்டியில் எழுதியிருப்பது அந்த விரிந்த நீளம். எங்கள் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம், அறுபத்தைந்து மில்லிகூட வராது. அதற்கு மேல் குழல் சுருங்குகிறது. விரிய இடமில்லாமல் மடிப்பு அந்தக் கழுத்தில் போய் நெருக்கும், வெளியே போக வேண்டிய வேகம் குழலுக்குள்ளேயே முட்டும். அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்துக்குச் செய்த குழல் அதைத் தாங்காது. குழலைத் தாங்கிப் பிடிப்பது இடது கை.

"உள்ள போகுது" என்றேன். பொய்யில்லை.

பெரிய கட்டுப் போட்ட கையோடு அண்ணன் கட்டிலில் கிடப்பதை மனசுக்குள் பார்த்தேன். நான் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போகிறேன். உரித்துத் தரட்டுமா அண்ணே என்று கேட்கிறேன். ஆரஞ்சு எந்தக் கடையில் வாங்குவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

"அப்போ சரி. மைனிதான் வீடியோ எடுக்கா" என்று அண்ணன் தோட்டாவை உருவினார். "ஏதாவது ஏறுக்குமாறா ஆனா அப்பா வாங்குன லட்சணம்னு சொல்லிக்கிடலாம்."

அங்கேதான் என் கணக்கு இடித்தது. அது வெடித்துச் சிதறினால் அவர் அப்பாவைத்தான் திட்டுவார். நான் வாய்மூடி இருந்தது எவனுக்கும் தெரியாது. நான் ஜெயித்தது அவருக்கே தெரியாமல் எனக்கு எதற்கு அந்த ஜெயிப்பு?

"அண்ணே, அதைச் சுட்டா கை போயிரும்" என்றேன், ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி.

அவர் சிரித்தார். நான் குழலைக் கழற்றி, அடியில் இரண்டரை அங்குலம் என்று அடித்திருந்ததைக் காட்டினேன். மடிப்பையும் கழுத்தையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. "சரி, அப்போ குட்டைத் தோட்டா, லேசான மருந்து வாங்கிட்டா?" என்றார்.

குழலை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மைனி குழல் வாயில் அப்பிய சந்தனம் அப்படியே இருந்தது. பூஜைப் பொட்டை அழிக்கக்கூடாது என்று பொட்டோடு உறையில் போட்டு மூடியிருக்கிறார்கள். ஈரச் சந்தனமும் உப்புக் காற்றும் சேர்ந்து உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகத் தின்றிருந்தது. நான் துடைத்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்த குழல். ஆனாலும் நிதானமாகத்தான் சொன்னேன்.

"இதுக்கு ஏத்த தோட்டா ஒலகத்துலயே கெடையாது, அண்ணே. சுவத்துல மாட்டுங்க. குரூப்ல வேற ஏதாவது போடுங்க."

சங்கு குளிக்கிறவர் தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, கயித்த அளங்க. ஒங்க குடும்பச் சண்ட முடியதுக்குள்ள காத்து திரும்பிரும்."

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. கழற்றிய குழலைத் திரும்பப் பூட்டித் துப்பாக்கியைக் கவுண்டர் மேல் வைத்தார். குரல் இறங்கியிருந்தது. "நீயே வச்சுக்கலே. ஒன் பேருக்கு மாத்திக் குடுத்துருதேன்."

எத்தனை வருஷம் இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். என் கை அதன் பக்கம் போகக்கூடப் பார்த்தது.

"வேண்டாம் அண்ணே. நீங்க ஆசப்பட்டு எடுத்தது. ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கயிறை அளக்கப் போனேன். இனிப்பாகத்தான் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அவர் துப்பாக்கியை இடது கையில் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நெசமாவே போயிருக்குமாலே?"

"நீங்க இப்போ பிடிச்சிருக்கேளே, அந்தக் கைதான்."

கீழே குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.