ஒழுகும் பூச்சாடி

சூளை வேலை பார்ப்பவனுக்குப் புருவம் நிலைக்காது. என்னைப்போல் நெருப்போடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

பேசும் மண்

1930களில் பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளையை விட்டுவிட்டு, பக்கத்துச் சந்தில் இருந்த ஹரு அம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் ஜப்பான்காரர்; போட்டோ பிடிக்கும் கணவர் இறந்தபிறகு தனியாக மண்பாண்டம் செய்துகொண்டிருந்தார். சக்கரம் கிடையாது, எல்லாம் கையால் பிடிப்பதுதான். அந்த வகைக்கு ‘ராக்கு’ என்று பெயர் சொன்னார்.

சாடி செக்கச்செவேலென்று தகதகக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுப்பது என் வேலை. ஆற ஆற மேல்பூச்சில் மெல்லிய விரிசல் ஓடி, கிணிங் கிணிங்கென்று சத்தம் வரும். கண்ணை மூடிக்கொண்டால் எங்கோ தூரத்தில் மழை பெய்வதுபோல் இருக்கும். செங்கல் சூளைக் கூட்டாளி முனியாண்டி ஒருநாள் என்னோடு உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

“எத்தனை கல்லு அறுத்தோம், ஒண்ணுகூட வாயத் தொறக்கலடா.”

அம்பாங் பங்களா

கருப்பில் சாம்பல் படர்ந்த சாடி ஒன்று ஹரு அம்மாவுக்கு உயிர். அதை அம்பாங்கிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரைசாணி வாங்கிப்போனார். நான்காம் நாள் சமையல்காரர் திருப்பிக் கொண்டுவந்தார். ராக்கு கசியத்தான் செய்யும், மேசை கறைபட்டுவிட்டதாம்.

“இதுக்கு எப்பவும் மூக்கு ஒழுகுதுன்னு மேம் சொல்றாங்க.”

கிராணி வீடு

அடுத்து ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் வாங்கினார். மறுநாளே மனைவி சாடியையும் அவரையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்து விரிசலைக் காட்டினார்.

“ஒடஞ்சத வாங்கறதுக்கு இவ்ளோ தூரம் வரணுமா? வீட்ல இருக்கறத நானே ஒடச்சிக் குடுக்க மாட்டனா?”

அவர்கள் போனபிறகு ஹரு அம்மா சாடியைத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தார். பிறகு தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்.

“இது இன்னும் ஒருதரம் திரும்பி வந்தா ஹாபிஸ், முடிஞ்சிது. நெருப்பு அணைச்சிட்டு நான் கப்பல் ஏறிடுவேன்.”

பூக்காரி

வேலை போனால் செங்கல் சூளை இருக்கிறது. அந்தச் சத்தத்தை எங்கே போய்க் கேட்பேன்? அதனால்தான் கோயில் வாசலில் பூ விற்கும் செல்லம்மா சாடியை எடுத்தபோது, கசியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லம்மா சந்துக்குள் வந்தார். ஹரு அம்மா எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாடி நிறையத் தண்ணீர். வெளிப்பக்கம் முழுக்க ஈரம் பூத்திருந்தது. அதன்மேல் சுற்றியிருந்த மல்லிகைச் சரம் துளிகூட வாடவில்லை.

“முந்தாநாள் கட்டினதுண்ணே. இதே மாதிரி ஒழுகறதா இன்னும் ரெண்டு வேணும்.”

அதன்பிறகு, தப்பித்தவறி ஒழுகாத சாடி ஒன்று வந்துவிட்டால்தான் எங்கள் இருவர் முகமும் வாடியது.